மின்கிடாரின் கழுத்துக்கு மரம் தேர்ந்தெடுத்தல்: மதுரையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கைக்கு ஏற்றபடி ஒரு மின்கிடாரைச் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டால், அதன் உடலுக்கு எந்த மரம் நல்லது என்று சொல்லப் பலர் முன்வருவார்கள். கழுத்தைப் பற்றிக் கேட்டாலோ, "மேப்பிள் போடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேப்பிள் மதுரை மரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சரக்கன்று. கிடைக்கும் தேக்கைக் கழுத்துக்கு எடுக்கலாமா, எடுத்தால் எந்தப் பலகையை எடுப்பது, எவ்வளவு நாள் காயவிடுவது, பில்லில் என்ன எழுதி வாங்குவது என்ற கேள்விகளுக்கு ஓரிடத்தில் விடை கிடைக்காமல், டிம்பர் டிப்போக்களிலும் அறுவை மில்களிலும் அலைந்து கேட்டுத்தான் இவற்றைத் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கழுத்தைப் பொறுத்தவரை மரத்தின் பெயரைவிட, கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பலகையின் நாரோட்டமும் ஈரமும்தான் முக்கியம் என்பதே என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சார்ந்தே அமைந்துள்ளன.

1. கடைக்குப் போகுமுன் அளவுகளைத் தாளில் எழுதுங்கள்

கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலமா, 24.75 அங்குலமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முந்தையது ஃபெண்டர் வகை, பிந்தையது கிப்சன் வகை. நட், அதாவது தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் சிறு பட்டை, இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலம் 42 அல்லது 43 மில்லிமீட்டர், உடலோடு சேரும் அடிப்பகுதியில் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் இருக்கும். முதல் ஃப்ரெட்டின் (சுரத்தைப் பிரிக்கும் உலோகக் கட்டையின்) அருகே, ஃப்ரெட்டுகள் பதிந்த மேற்பலகையான ஃப்ரெட்போர்டையும் சேர்த்து, கழுத்தின் கனம் 20 முதல் 22 மில்லிமீட்டர்தான். 25.5 அங்குல நீளத்தில் 10-46 கம்பித் தொகுப்பை (மிக மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, மிகப் பருத்தது 46 பங்கு) வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 46 கிலோ விசையோடு இழுக்கும். இவ்வளவு மெல்லிய கட்டை, நடுவில் ட்ரஸ் ராடுக்காக, அதாவது கழுத்தின் வளைவைத் திருத்த உள்ளே பொதிக்கும் உலோகத் தண்டுக்காக, குடையவும் பட்டு, அந்த இழுவையை ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் தாங்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பலகையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

தலைப்பகுதி கழுத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கும் வகைக்கு 30 அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒன்றே கால் அங்குலக் கனம் உள்ள பலகை போதும். இழைத்து முடிக்கும்போது இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) போய் ஓர் அங்குலம் நிற்கும். தலை பின்னோக்கிச் சாய்ந்த வகையை ஒரே கட்டையில் செதுக்க அதைவிட மிகக் கனமான கட்டை தேவைப்படும், பெரும்பகுதி சீவலாகவும் போகும். அதோடு, சாய்ந்த இடத்தில் நார்கள் குறுக்காக அறுபட்டு வலுவிழப்பதால், கிடார் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே அங்கே முறிந்துவிடக் கூடும். சாய்ந்த தலைதான் வேண்டும் என்றால், மெல்லிய பலகையைச் சரிவாக அறுத்துத் திருப்பி ஒட்டும் சாய்வு இணைப்பைக் கேளுங்கள். நார்கள் தலையின் நீளவாக்கிலேயே ஓடும், மரமும் மிச்சமாகும்.

2. நாரோட்டத்தைப் பார்க்கப் பழகுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பலகையின் மேற்பரப்பில் தெரியும் அழகிய ரேகை, கதவுக்கும் மேசைக்கும்தான் பெருமை. கழுத்துக்குத் தேவை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விளிம்புக்கு இணையாக ஓடும் சலிப்பூட்டும் அளவுக்கு நேரான நார்.

முதலில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் பரந்த முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரவெட்டுப் பலகை. கிடையாகப் படுத்திருந்தால் தட்டைவெட்டுப் பலகை. ஆரவெட்டுப் பலகை அகலவாக்கில் குறைவாகவே சுருங்கும். ஆனாலும் தட்டைவெட்டு என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பலகையைத் தள்ளிவிடாதீர்கள். 1950-களின் ஃபெண்டர் கிடார்களில் தட்டைவெட்டு மேப்பிள் கழுத்துகள் ஏராளம், அவற்றில் பல இன்றும் நேராக நிற்கின்றன. அஞ்ச வேண்டியது வேறு: நார் பலகையின் முகத்தை விட்டுச் சரிந்து வெளியேறுவது.

அந்தச் சரிவைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்ப முடியாது. பலகையின் பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்தை இழைக்கச் சொல்லி, அங்கே நீர்த்த பேனா மையில் ஒரு சொட்டு விடுங்கள். மை நாரைப் பின்பற்றி மெல்லிய முடிக்கோடாக இரு பக்கமும் ஓடும். அந்தக் கோடு விளிம்புக்கு இணையாக ஓடினால் பலகை நல்லது, மேலேயோ கீழேயோ சாய்ந்து ஓடினால் எவ்வளவு சாய்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 20 அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாயும் பலகையை நான் கழுத்துக்கு எடுக்கமாட்டேன். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், முனையில் அறுபட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி உளி வைத்துப் பிளந்து பாருங்கள். மரம் தன் நாரின் வழியேதான் பிளக்கும். பிளந்த முகம் சமமாக இருந்தால் நேர்நார், முறுக்கேறியிருந்தால் பலகை முழுவதும் அந்த முறுக்கு இருக்கிறது என்று பொருள்.

கடைக்காரர்கள் இதைப் பொறுமையோடு பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். "ஒரு முழக் கட்டைக்கா தம்பி இவ்வளவு பாக்குறீங்க?" என்று என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார். கிடாரின் கழுத்துக்கு என்றும், கம்பி இழுக்கும் எடை இவ்வளவு என்றும் விளக்கிச் சொன்ன பிறகு அவரே அடுக்கின் அடியிலிருந்து பலகைகளை உருவிக் காட்டினார். வேலை இன்னதென்று சொல்லிக் கேளுங்கள். மரம் தெரிந்தவர்களுக்கு நல்ல கட்டையை எடுத்துக் காட்டுவதில் மகிழ்ச்சி உண்டு.

கணு, வெடிப்பு, உளுத்த துளை, வெளுத்த ஓர மரம் ஆகியவை 30 அங்குலத்துக்குள் எங்கிருந்தாலும் வேண்டாம். வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே கழுத்துக்கு உரியது.

3. எந்த மரம்

தேக்கு. மதுரையில் தொடங்குவோருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கன மீட்டருக்கு ஏறத்தாழ 655 கிலோ எடை; அமெரிக்கக் கெட்டி மேப்பிள் ஏறத்தாழ 705 கிலோ. விறைப்பிலும் இரண்டும் மிக நெருக்கமானவை, இரண்டுக்கும் விறைப்பை அளக்கும் அலகான கிகாபாஸ்கலில் 12-ஐச் சற்றுத் தாண்டிய அளவு. பச்சை மரம் முழுக்க உலரும்போது தட்டைவெட்டு மேப்பிள் அகலத்தில் 10 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கும், தேக்கு 5 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். இதைக் கழுத்தின் கணக்குக்குக் கொண்டுவந்தால், 56 மில்லிமீட்டர் அகலத்தில் மரத்தின் ஈரம் 4 விழுக்காடு மாறும்போது தட்டைவெட்டு மேப்பிள் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டரும் தேக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டரும் அசையும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே வாழப் போகும் கருவிக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

தேக்கில் இரண்டு தொல்லைகள் உண்டு. அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பசையைப் பிடிக்கவிடாது. அதில் உள்ள சிலிக்கா இழைப்புளியின் கூர்மையைத் தின்றுவிடும். முதலாவதற்கு மாற்று 7-ஆம் படியில் இருக்கிறது. இரண்டாவதற்கு, அடிக்கடி தீட்டுவதைத் தவிர வழியில்லை.

கடைகளில் பர்மா தேக்கு, நீலம்பூர் தேக்கு, கானா தேக்கு, நாட்டுத் தேக்கு என்று பல பெயர்கள் கேட்கும். பெயரை வைத்து விலை ஏறும், ஆனால் பெயர் கழுத்தைத் தாங்காது. இளவயதிலேயே வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வெளுப்பு மிகுதியாக இருக்கும். அதை மட்டும் கவனியுங்கள். நாரும் ஈரமும் சரியாக அமைந்த நாட்டுத் தேக்கு, சரிந்த நாருள்ள பர்மா தேக்கைவிட மேலானது.

மஹோகனி. ஹோண்டுராஸ் மஹோகனி 590 கிலோ எடையில் இலகுவானது, மிகக் குறைவாக அசைவது, உளிக்கு இணங்குவது. இப்போது நம் மாவட்டங்களிலும் தோட்டங்களில் வளர்க்கிறார்கள், ஆனால் இளமரங்கள் சற்று மென்மையானவை. மஹோகனி என்ற பெயரில் ஆப்பிரிக்க மஹோகனியும் சப்பேலியும்கூட விற்பனைக்கு வரும். அவை மோசமான மரங்கள் அல்ல. இன்னது என்று தெரிந்து, அதற்குரிய விலையைக் கொடுங்கள். சப்பேலியில் நார் மாறி மாறிச் சாய்வது இயல்பு, ஆகவே மைச்சொட்டுச் சோதனையைப் பல இடங்களில் செய்யுங்கள்.

வேங்கை. கெட்டியானது, எடை மிக்கது. கழுத்து முழுவதையும் வேங்கையில் செய்தால் கிடாரைத் தோளில் மாட்டும்போது தலைப்பக்கம் கீழே சாயும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் சாயம் ஈரத்தில் இறங்கும் என்பதால் பூச்சில்லாமல் விடக் கூடாது. இரண்டு தேக்குப் பட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பட்டையாக வைத்தால் விறைப்பும் கூடும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

பலா. தஞ்சாவூர் வீணையே பலாவில்தானே செய்யப்படுகிறது என்று பலர் கேட்பார்கள். வீணையின் தண்டி பருத்தது. அதன் அமைப்பே வேறு. கிடாரின் 20 மில்லிமீட்டர் கழுத்தோடு அதை ஒப்பிட முடியாது. முதல் கழுத்துக்குப் பலாவை நான் சொல்லமாட்டேன்.

ஈட்டி. ஃப்ரெட்போர்டுக்கு அருமையான மரம். கழுத்து முழுவதற்கும் எடுத்தால் கன மீட்டருக்கு 830 கிலோ எடையைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கும். ஃப்ரெட்போர்டுக்கு மட்டும் எடுங்கள், ஆவணங்களோடு எடுங்கள்.

4. ஈரத்தை எண்ணால் அறியுங்கள்

"நல்லா காஞ்ச மரம்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். நிலைக்கதவுக்குப் போதுமான காய்ச்சல் கழுத்துக்குப் போதாது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 9 விழுக்காட்டை ஒட்டியும், காற்றில் 75 விழுக்காடு இருந்தால் 13 அல்லது 14 விழுக்காட்டிலும் வந்து நிற்கும். ஆகவே செதுக்கத் தொடங்கும் நாளில் பலகை 9 முதல் 11 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள்.

இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. பலகையின் முனையில் குத்தாதீர்கள். முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். நடுப்பகுதியில், புதிதாக இழைத்த முகத்தில் குத்துங்கள். ஈரமானி இல்லையென்றால், பலகையின் நடுப்பகுதியிலிருந்து அறுத்த ஒரு சிறு துண்டை நகை நிறுக்கும் தராசு போன்ற நுண்தராசில் எடை போட்டு, 103 பாகை செல்சியஸில் ஓவனில் வைத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். முதலில் 48 கிராம், உலர்ந்தபின் 43 கிராம் என்றால் வேறுபாடான 5-ஐ 43-ஆல் வகுக்க, ஈரம் 11.6 விழுக்காடு. எந்தக் கருவியையும்விட நம்பகமான கணக்கு இது.

வாங்கி வந்த பலகையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், இரண்டு ரீப்பர் துண்டுகளின் மேல் காற்றோட்டமாகப் படுக்க வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். இரு முனைகளிலும் பெயிண்டோ மெழுகோ பூசுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை நகராமல் நின்றுவிட்டால் பலகை உங்கள் வீட்டுக் காற்றோடு பழகிவிட்டது. கடையில் காய்ந்திருந்த பலகைக்கே இதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஒதுக்குங்கள். புதிதாக அறுத்த மரம் என்றால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக்கணக்கு. கிடார் ஏசி அறையில் வாழப் போகிறதென்றால் பலகையையும் அந்த அறையிலேயே வையுங்கள்.

5. எங்கே வாங்குவது, என்ன செலவு, என்ன ஆவணம்

விலையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். 30 அங்குலம், 4 அங்குலம், ஒன்றே கால் அங்குலம் ஆகியவற்றைப் பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் 0.087 கன அடிதான் வருகிறது. கன அடி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட மரத்தின் விலை 350 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஏழடிப் பலகையிலிருந்து இரண்டரை அடியை அறுத்துத் தர யாரும் விரும்புவதில்லை. ஆகவே 3 அடி நீளமுள்ள சைஸ் மரமாகவோ, கதவு நிலை செய்யும் பட்டறையில் மிஞ்சிய துண்டாகவோ கேளுங்கள். முடிந்தால் இரண்டு கழுத்துக்கான மரத்தை வாங்குங்கள். காயும்போது ஒன்று முறுக்கிக்கொண்டால் மற்றது கைகொடுக்கும். அறுப்புக்கூலி, இழைப்புக்கூலி, ஜிஎஸ்டி ஆகியவை சேர்ந்த விலையா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

மதுரையில் கிடைக்காததற்குத் தூத்துக்குடியைப் பாருங்கள்; துறைமுகத்தின் வழியே வெளிநாட்டு மரம் இறங்குவதால் அங்கே வகைகள் அதிகம். காரைக்குடிக்கு ஒருமுறை போய்வருவதும் பயனுள்ளது. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு உத்தரங்களும் சட்டங்களும் அங்கே பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். பல்லாண்டு காய்ந்த மரம் என்பதால் கழுத்துக்கு இதைவிட அமைதியான மரத்தைத் தேடுவது கடினம். அறுக்குமுன் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி ரம்பத்தையும் கெடுக்கும், அறுப்பவருக்கும் ஆபத்து. பழைய துளைகள் கழுத்தின் எல்லைக்குள் வராதபடி தாளில் வெட்டிய மாதிரியைக் கட்டையின் மேல் வைத்து இடம் குறியுங்கள்.

எந்தக் கடையானாலும் மரத்தின் பெயர், அளவு, தேதி எழுதிய பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். ஈட்டிக்கு இது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். தெரிந்தவர் தோட்டத்தில் விழுந்த மரம் என்று சொல்லித் தரப்படும் ஈட்டியை, எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். நம் மாநிலத்தில் மரத்தை இடம்பெயர்ப்பதற்கே தனி விதிகள் உண்டு. ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம், ஏற்கெனவே முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி நீங்கலாக, 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலின்கீழ் இருக்கிறது. இரண்டாம் பட்டியல் மரங்களால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு, பலகைக்கு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் கைவினைஞருக்கு ஈட்டிப் பலகையைப் பார்சலில் அனுப்பிச் செய்து வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

6. வெளிநாட்டு மேப்பிள்தான் வேண்டும் என்றால்

சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள இறக்குமதி மர வணிகர்களிடம் முதலில் கேளுங்கள். கெட்டி மேப்பிள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மென் மேப்பிள் என்று தனியாக ஒன்று உண்டு, பில்லில் வெறும் மேப்பிள் என்று இருந்தால் எதுவும் வரலாம். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிப்பதானால், அனுப்பும் நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம் தரும் சான்றிதழ் தேவையா, அதை விற்பவர் எடுத்துத் தருவாரா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். ஆதார் அல்லது பான் நகலைக் கூரியர் நிறுவனம் கேட்கும். மரத்தின் விலையோடு பார்சல் கட்டணத்தையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வறுத்த மேப்பிள், அதாவது காற்று குறைந்த சூளையில் சூடேற்றிப் பதப்படுத்தியது, நம் மழைக்காலத்துக்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் அது சற்று நொறுங்கும் தன்மை கொண்டது. திருகாணி போடும் இடத்தில் எல்லாம் முன்கூட்டியே துளையிட வேண்டும் என்று செய்பவரிடம் சொல்லிவையுங்கள்.

7. அறுப்பு, ஒட்டு, இடைவேளை

ஒரே கட்டையில் மனம் நிறையும்படி பலகை அமையவில்லை என்றால் மூன்று பட்டைகளாக அறுத்து ஒட்டுங்கள். நடுப்பட்டையை முனை மாற்றித் திருப்பி வைத்தால் ஒன்றின் வளைவை மற்றொன்று தடுக்கும். தட்டைவெட்டுப் பலகையைப் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி ஒட்டினால் வளையங்கள் செங்குத்தாகிவிடும். மதுரையில் ஆரவெட்டுப் பலகை கிடைக்காத குறைக்கு இதுவே நல்ல வழி. ஒவ்வோர் அறுப்பிலும் ஒரு நூல் ரம்பத்தோடு போகும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

தேக்கை ஒட்டும் அன்றே இழைத்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தவுடன் ஒட்ட வேண்டும். மரச்சாமான்களுக்கான சாதாரண வெள்ளைப் பசை நீடித்த இழுவையில் மெல்ல நழுவக்கூடியது. தேக்குக்கு எபாக்சியைக் கேளுங்கள். தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் சிலருக்கு மூச்சையும் தோலையும் பாதிக்கும் என்பதால், பட்டறையில் நிற்கும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள்.

வடிவத்துக்கு முரட்டு வெட்டாக அறுத்தபின் இரண்டு வாரம் சும்மா வையுங்கள். மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் அப்போதுதான் வெளிப்படும். அதன்பின் கழுத்தின் இரு முனைகளிலும் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வீதம் வைத்து, ஒரு முனையிலிருந்து குனிந்து பாருங்கள். இரண்டு சட்டங்களின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். வளைவை ட்ரஸ் ராடு திருத்தும், முறுக்கலைத் திருத்தாது. முறுக்கியிருந்தால் அந்தக் கட்டையை அங்கேயே கைவிடுங்கள். அதற்குமேல் செலவழிக்கும் கூலி திரும்பி வராது.

8. காலத்தைத் திட்டமிடுங்கள்

தை, மாசியில் மரத்தை வாங்கிப் பங்குனி, சித்திரையில் செதுக்குவது வசதி. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பூச்சு முடிந்திருக்க வேண்டும். பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, அது உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும். மேப்பிளாக இருந்தால் நம் ஊர் வியர்வைக் கறையிலிருந்தும் காக்கும். தேக்குக்கு டங் எண்ணெய்ப் பூச்சு போதும், ஆனால் தலையின் வெட்டுமுகத்திலும், உடலோடு சேரும் அடிப்பகுதியிலும், திருகாணித் துளைகளின் உள்ளேயும் பூசச் சொல்லுங்கள். கண்ணில் படாத அந்த இடங்களின் வழியேதான் ஈரம் முதலில் ஏறும்.

வேலையை ஒப்படைக்கும்போது மரத்தின் பெயர், அன்றைய ஈர விழுக்காடு, எடைக் குறிப்பு, கம்பியின் கனம், இருபுறமும் திருகும் ட்ரஸ் ராடு, பசையின் வகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, செய்பவரிடம் கையொப்பம் வாங்கி, முன்பணத்தை அதன்பின் கொடுங்கள். கம்பி ஏற்றிய முதல் மாதத்தில் ட்ரஸ் ராடைச் சரிபார்த்துத் திருகிச் சரிசெய்து தருவது கூலியில் அடங்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.